தண்ணீர் ஊற்றிப் பார்த்த கோடு

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இதை நான் சொல்ல வேண்டியதில்லை, காரமடையில் என் லேபுக்கு ஒரு தடவை வந்துபோனவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். இட்லியைத் தின்றுவிட்டு வந்து வெறும் வயிறு என்று சாதித்தால் கோபம். ஊசி குத்தும்போது கையை வெடுக்கென்று இழுத்தால் கோபம். எல்லாவற்றையும்விட, சிறுநீர் பாட்டிலில் அடியில் நாலு சொட்டு விட்டுக்கொண்டு வந்து மேஜையில் வைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்காகவே ஒவ்வொரு பாட்டிலிலும் பாதிக்குச் சற்று மேலே பச்சை மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்திருப்பேன். கோடு வரைக்கும் வேண்டும், குறைந்தால் வாங்க மாட்டேன். இது என் சட்டம்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கர்ப்பமா இல்லையா என்று பார்க்கும் கார்டுக்கு மூன்றே சொட்டு போதும். ஆனால் சர்க்கரை, உப்பு, கிருமி என்று டாக்டர் பின்னாலேயே எழுதி அனுப்பினால் மறுபடியும் அவர்களைப் பாத்ரூமுக்கு விரட்ட வேண்டும். அதனால் எல்லோருக்கும் ஒரே சட்டம். இருபது வருஷம் அப்படியே ஓடியது, எவரும் எதிர்த்துப் பேசியதில்லை.

அந்தப் பெண் முதன்முதலாக வந்தது, ஆடிக்காற்று ஆளையே தள்ளிக்கொண்டு போன ஒரு காலையில். இருபத்தெட்டு வயது இருக்கும். கணவன் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. கூட வந்தது மாமியார். நாலு மாடு வைத்துக் காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர். பக்கத்தில் வந்தால் தவிட்டு வாசம் அடிக்கும். நாள் தள்ளி இரண்டு மாதம் ஆகிறதாம், நடுவில் லேசாகத் தீட்டுப் பட்டதாம், ஓயாத வாந்தியாம். மாமியார் என் மேஜைமேல் குனிந்து மற்றவர்களுக்குக் கேட்காமல் கிசுகிசுத்தார்.

"அம்மணி, முழுகாம இருக்கறாளான்னு பாத்துச் சொல்லுங்க. என்ற வயித்துல பாலை வாருங்க."

மூன்று சொட்டு விட்டேன். ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தேன். ஒரே கோடு. ஒரு கோடு வந்தால் கார்டு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். இரண்டாவது கோடும் வந்தால்தான் கர்ப்பம்.

"இல்லைங்க" என்றேன்.

"அக்கா, இன்னொருக்கா பாருங்களேன்" என்றாள் அந்தப் பெண். குரலே எழும்பவில்லை.

"கார்டு பொய் சொல்லாது கண்ணு" என்றேன். ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டு நீட்டினேன். மாமியார் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர்கள் ஊர்ப் பக்கத்து டாக்டர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, கர்ப்பம் இல்லையே, அப்படியானால் இது வயிற்றுப் புண்தான் என்று வாந்திக்கும் கேஸுக்கும் மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் நம்பியது என் கையெழுத்தை.

பன்னிரண்டு நாள் கழித்து அவர்கள் மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை அவளைப் படியில் பிடித்து இறக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. கண் உள்ளே போய், உதடு வெடித்து, ஆனால் வயிறு மட்டும் நாலு மாதம் போல முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. என் லேபுக்கு மேல்மாடியில் ஒரு பெண்கள் டாக்டர் இருக்கிறார். அவரிடம் காட்ட வந்தவர்களை, முதலில் கீழே போய் சிறுநீரும் ரத்தமும் கொடுத்துவிட்டு வரச் சொல்லி நர்ஸ் அனுப்பியிருந்தாள். நான் பாட்டிலை நீட்டினேன். வழக்கம்போல, "கோடு வரைக்கும்" என்றேன்.

பாத்ரூமுக்குள் மாமியாரும் மருமகளும் போய் வெகுநேரம் ஆயிற்று. வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். கடைசியில் மாமியார் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தார். மில்லிமீட்டர் பிசகாமல் கோடு வரைக்கும் இருந்தது. கையில் எடுத்தேன். பாட்டில் ஜில்லென்று இருந்தது.

இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் இது தெரியும். உடம்பிலிருந்து அப்போதுதான் வந்தது இளஞ்சூடாக இருக்கும். ஜில்லென்று இருந்தால் அதில் குழாய்த் தண்ணீர் கலந்திருக்கிறது.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏனுங்க, பாலுக்குத் தண்ணி ஊத்துற பழக்கத்த இங்கயும் காட்டறீங்களா? இது என்ன சொசைட்டியா?" என்று கத்தினேன். எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

மாமியாரின் முகம் செத்துப்போயிற்று. "அம்மணி, அவளுக்கு வரவே மாட்டேங்குதுங்க. ஒரு வாய் தண்ணி உள்ள நின்னாத்தான வரும். கோட்டுக்குக் கொறஞ்சா வாங்க மாட்டீங்கன்னுதான் சித்தே ஊத்திப்போட்டேன். தப்புத்தானுங்க" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் என் வாய் நிற்காது. "இந்தத் தண்ணியில என்னத்த தெரியும்? நீங்களே பாருங்க" என்று, அவருக்குப் பாடம் புகட்டுகிற மாதிரி ஒரு கார்டைக் கிழித்து, அந்தத் தண்ணீர் கலந்ததிலேயே மூன்று சொட்டு விட்டேன். ஒன்றும் வராது என்று காட்டுவதற்காகத்தான் விட்டேன்.

இரண்டாவது கோடு வந்தது. மங்கலாகத்தான், ஆனால் வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் சுத்தமான சாம்பிளில் இல்லாதது, இப்போது குழாய்த் தண்ணீர் ஊற்றியதில் எப்படி வரும்? நாள் கூடியிருக்கிறது, அதனால் வந்திருக்கலாம் என்று முதலில் மனசைச் சமாதானம் செய்து பார்த்தேன். ஆனால் இரண்டு மாதம் தள்ளிப்போன பிறகு வராத கோடா, இப்போது புதிதாக வரும்? கோபம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டு என்னை அரித்தது.

"கண்ணு, இன்னொருக்கா முயற்சி பண்ணு. நாலு சொட்டு போதும். கோடெல்லாம் வேண்டாம்" என்றேன். அந்தச் சட்டத்தை நானே உடைத்தது அதுதான் முதல் தடவை. அவள் பாத்ரூமிலிருந்து அடர்த்தியாக, தேன் நிறத்தில் கொஞ்சம் கொண்டுவந்தாள். அதை அப்படியே கார்டில் விட்டேன். ஒரே கோடு. இல்லை என்றது கார்டு.

ஒரு சின்னக் குழாயில் அதிலிருந்து ஒரு சொட்டு, கூட ஒன்பது சொட்டுத் தண்ணீர். புதுக் கார்டு. இரண்டு கோடு. அந்தக் கலவையில் ஒரு சொட்டு எடுத்து, மறுபடியும் ஒன்பது சொட்டுத் தண்ணீர். இன்னொரு கார்டு. இரண்டாவது கோடு முதல் கோட்டைவிட அழுத்தமாக வந்தது. தண்ணீர் ஊற்ற ஊற்றக் கோடு பளிச்சென்று ஆகிக்கொண்டே போனது. அப்பாடி, இதென்ன கூத்து என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். காத்திருந்த எட்டுப் பேரையும் அப்படியே விட்டுவிட்டு நாலு கார்டையும் தட்டில் வைத்து மாடிக்கு ஓடினேன்.

டாக்டர் கார்டுகளை வரிசையாகப் பார்த்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், அவசரப்பட்டுப் பேச மாட்டார். "வயிறு நாளுக்கு மீறிப் பெருசா இருக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவளை அங்கேயே ஸ்கேனில் படுக்க வைத்தார். நானும் நின்று பார்த்தேன். குழந்தை இல்லை. தலை இல்லை, துடிப்பு இல்லை. கருப்பை நிறைய, வெந்த ஜவ்வரிசியைக் கொட்டி வைத்த மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள் மட்டும் இருந்தன.

"முத்துப்பிள்ளை கர்ப்பம்" என்றார் டாக்டர் மெதுவாக. அன்று மதியமே கோவைக்கு அனுப்பினார். மறுநாள் காலையில் அதை வெளியே எடுத்தார்கள். ரத்தம் நிறையப் போய், இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் டாக்டர் கீழே இறங்கி வந்து, "இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா ஊட்லயே ரத்தம் போயிருக்குமுங்க, அக்கா. ஆளைக் காப்பாத்தியிருக்க முடியாது" என்றார். என் பழைய ரிப்போர்ட் அவர் கையில் இருந்தது. அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

பிறகு நான் அவரை விடவில்லை. தினமும் கடைசி நோயாளி போனதும் மாடியேறிப் போய்க் கேள்வி கேட்பேன். அவர் சொன்னது பாதி, நானே கைபேசியில் தேடித்தேடிப் படித்தது பாதி. படிக்கப் படிக்க, இருபது வருஷமாக என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்றே தெரியாமல் செய்திருக்கிறேன் என்று புரிந்தது.

கரு உண்டான நாலைந்தாம் நாள் அது ஒரு சின்ன உருண்டை. ஊசி முனையைவிடச் சின்னது. அதற்குள் அப்போதே பாகப்பிரிவினை முடிந்துவிடுகிறது. உள்ளே ஒரு பக்கமாக ஒண்டிக்கொண்டிருக்கும் சில செல்கள்தான் குழந்தையாகப் போகிறவை. வெளியே சுற்றி நிற்கும் செல்கள் எந்தக் காலத்திலும் குழந்தை ஆகாது. அவற்றுக்கு டிரோஃபோபிளாஸ்ட் என்று பெயர். கருப்பைச் சுவரைத் தொட்டுப் பிடிப்பது, அதைக் கரைத்துக்கொண்டு உள்ளே இறங்குவது, வேர் விடுவது, நஞ்சுக்கொடியாக வளர்வது எல்லாம் இந்த வெளிச்செல்களின் வேலை. அவற்றில் பல, நடுவில் இருக்கும் சுவரையே எடுத்துவிட்டு ஒன்றோடொன்று கலந்து ஒரே தோலாகிவிடுகின்றன. வேறு சில, அம்மாவின் ரத்தக் குழாய்க்குள்ளேயே போய், அதன் சுவரில் இருக்கும் தசையை நீக்கி, குழாயை அகலமாக்கி வைக்கின்றன. அதன்பிறகு அம்மாவின் உடம்பே நினைத்தாலும் அந்தக் குழாயை இறுக்கி ரத்தத்தைக் குறைக்க முடியாது.

என் வீட்டுக்காரர் போர்வெல் மோட்டார் ரிப்பேர் செய்கிறவர். சோறு போடும்போது இதை அவரிடம் சொன்னேன். கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்ப கேட் வால்வையே கழட்டி எறிஞ்சுபோடுது. எவனும் அடைக்க முடியாது. கெட்டிக்காரப் பயலா இருக்கறானே!" என்றார்.

"பயல் இல்லீங்க. அது புள்ளையே இல்ல. புள்ளைக்காக வேலை செய்யற கூட்டம்" என்றேன். என்னைவிட அவருக்கு அது சீக்கிரம் விளங்கியதில் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

அந்த வெளிச்செல்கள் பாதி அப்பாவின் சரக்கு, அதாவது அம்மாவின் உடம்புக்கு அந்நியம். அப்படியும் உடம்பு அதை ஏன் துரத்துவதில்லை? உள்ளே இறங்குகிற செல்கள் எங்கே நிற்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டால், பாதிக் கேள்விக்கு, "அது இன்னும் முழுசாத் தெரியலைங்க அக்கா" என்பார். டாக்டர் வாயிலிருந்து தெரியவில்லை என்று கேட்டால் எனக்குப் பொதுவாக எரிச்சல் வரும். இந்த விஷயத்தில் வரவில்லை. அத்தனை பேரும் அந்த வழியாக வந்தவர்கள்தானே, ஒவ்வொருவரும் இப்படி இறங்கி, இப்படி நின்றுதானே பிறந்தோம் என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தேன்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. அந்த வெளிச்செல்கள்தான் ஒரு ஹார்மோனைச் சுரந்து, இந்த மாதம் தீட்டு வேண்டாம் என்று அம்மாவின் உடம்புக்குச் சொல்லி அனுப்புகின்றன. கார்டு பிடிப்பது அந்த ஹார்மோனை. அதாவது கார்டுக்குக் குழந்தையைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இருபது வருஷமாக, "குழந்தை இருக்குது, போய் இனிப்புக் குடுங்க" என்று நான் சொன்ன அத்தனை பேரிடமும், நான் பார்த்தது வெளிச்செல்கள் அனுப்பிய செய்தியை மட்டும்தான். குழந்தை உள்ளே இருக்கும் என்பது நானாகச் சேர்த்துக்கொண்டது.

இந்தப் பெண்ணுக்கு நடந்தது, முட்டைக்குள் இருக்க வேண்டிய அம்மாவின் பங்கு இல்லாமலே போனது. அப்பாவின் பங்கு மட்டும் இரட்டிப்பாகி வளர்ந்தது. அப்படி ஆனால் குழந்தை உருவாவதில்லை, வெளிச்செல்கள் மட்டும் தலைகால் தெரியாமல் பெருகுகின்றன. யார்மீதும் தப்பில்லை, யாருக்கும் குறையில்லை, தற்செயல். அவை சுரந்த ஹார்மோன் எக்கச்சக்கம். கார்டு திணறியது அதனால்தான். கார்டில் ஹார்மோனை இரண்டு பக்கமும் பிடிக்க இரண்டு மருந்துகள் உண்டு; ஹார்மோனைப் பிள்ளை என்றும் அந்த இரண்டையும் அம்மா, அப்பா என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையின் ஒரு கையை அம்மாவும் மறு கையை அப்பாவும் பிடித்தால்தான் மூன்று பேரும் சேர்ந்து நிற்பார்கள். கோடு என்பது அப்படிச் சேர்ந்து நிற்பது. பிள்ளைகள் கூட்டமாக வந்து அம்மா கையில் ஒன்று, அப்பா கையில் வேறொன்று என்று தொங்கினால் இரண்டு பேரும் சேரவே முடியாது. கோடு விழாது. தண்ணீர் ஊற்றினால் கூட்டம் குறைகிறது, கை கோக்க முடிகிறது, கோடு விழுகிறது.

ஆக, கார்டு பொய் சொல்லும். நான் பொய் என்று அடித்துச் சொன்ன அந்தத் தண்ணீர்தான் உண்மையைச் சொன்னது. இதை அந்த மாமியாரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நெகட்டிவ் எழுதிய கைக்கு அவ்வளவு திமிர்.

எடுத்துவிட்டதோடு விஷயம் முடியவில்லை. அந்தச் செல்கள் கொஞ்சம் எங்காவது தங்கிவிட்டால், மறுபடியும் பெருகி, நுரையீரல் வரைக்கும்கூடப் போய்ப் புற்றாக மாறலாம் என்றார் டாக்டர். அதனால் வாராவாரம் ரத்தத்தில் அந்த ஹார்மோனை அளக்க வேண்டும். அது இறங்கி இறங்கி இல்லாமலே போக வேண்டும். அதுவரை, அதற்குப் பிறகும் ஆறு மாதம், அவள் கர்ப்பமாகக் கூடாது. ஆகிவிட்டால், எண் ஏறுவது எதனால் என்று குழப்பம் வந்துவிடும். ஒவ்வொரு செவ்வாயும் அவள் என் லேபுக்கு வருவாள். நான் ரத்தம் எடுத்துக் கோவைக்கு அனுப்புவேன். சாயங்காலம் எண் என் கைபேசிக்கு வரும், நான் அவளைக் கூப்பிட்டுச் சொல்வேன். பத்து லட்சத்துக்கு மேலே இருந்த எண், ஆயிரத்துக்கு வந்தது, நூற்றுக்கு வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். மாமியார் உள்ளே வருவதில்லை. வாசலில், மாடிப்படியின் கீழ்ப் படியில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மருமகள் வெளியே போனதும் எழுந்து கூடவே நடப்பார். கோபக்காரி, அன்றைக்குத் திட்டியதை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

ஏழாவது வாரம் எண் இறங்கவில்லை. எட்டாவது வாரமும் அதே இடத்தில் நின்றது. "அடுத்த வாரமும் எறங்கலைன்னா புத்துநோய்க்குப் போடற ஊசி ஆரம்பிக்கணும்" என்றார் டாக்டர். ஒன்பதாவது செவ்வாய் அவள் வந்து கையை நீட்டினாள். ஊசி குத்தியதும் சொன்னாள்.

"அக்கா, எனக்கு ஏதாச்சும் ஆனா எங்கத்தைகிட்ட ஒன்னு சொல்லுங்க. அவீக ஊத்துன தண்ணியினால இல்லைன்னு."

"என்ன சொல்றே?"

"அத்தை இந்த ரெண்டு மாசமா சரியா சாப்பிடறதில்லீங்க. பரிசோதனைத் தண்ணியில கலப்படம் பண்ணிப்போட்டேன், அதனாலதான் நல்ல புள்ளை இப்படி ஆயிப்போச்சு, சாமிக் குத்தம்னு அழுவறாங்க. சொசைட்டிக்கும் அவீக போறதில்லீங்க, எங்கூட்டுக்காரருதான் போறாரு. நீங்க அன்னிக்குச் சொன்னத, அங்க இருந்த யாரோ ஊர்ல சொல்லிப்போட்டாங்க. பாலுக்கு ஒரு சொட்டுத் தண்ணி அவீக ஊத்துனதில்லீங்க அக்கா. சொசைட்டியில பால் கெட்டியான்னு பாக்கற டிகிரி எப்பவும் ஏறியேதான் இருக்கும்."

எத்தனையோ பேரிடம் கத்தியிருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அப்படியே கையுறையைக்கூடக் கழற்றாமல் வெளியே போய் அந்தப் படியில் மாமியாரின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பயந்துபோய் எழுந்திருக்கப் பார்த்தார்.

"உக்காருங்க. அன்னிக்குப் பொய் சொன்னது நான்தானுங்க" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதல் ரிப்போர்ட் தப்பு என்பதை, கார்டு திணறியதை, பிள்ளைகள் கை கோக்கிற கதையை, நாலு கார்டை. "நீங்க தண்ணி ஊத்தலைன்னா நான் மறுபடியும் இல்லைன்னுதான் எழுதியிருப்பேன். உங்க மருமக இன்னிக்கு உசுரோட உள்ள உக்காந்திருக்கறது உங்க தண்ணியினாலதான். நான் கத்துனது என்ற தப்பு. மன்னிச்சுப்போடுங்க."

அவர் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அந்தக் கோடு போட்டது நீங்கதான அம்மணி?" என்றார் பிறகு.

"நான்தானுங்க."

"அப்பக் கோடும் ஒருவெதத்துல நல்லதுதான்" என்றார். பெருந்தன்மையா, குத்தலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுமாகத்தான் இருக்கும்.

அப்புறம் அவரே கேட்டார். "மாடு கன்னு போட்டா, கொடி உழுகற வரைக்கும் நாங்க அந்தண்ட இந்தண்ட நகர மாட்டமுங்க. நாய் இழுத்துட்டுப் போகாம சாக்குல கட்டி ஆலமரத்துல தொங்க உட்டுருவோம். நீங்க சொல்றது அந்தக் கொடியத்தானுங்களா?"

"அந்தக் கொடியேதான். அதுக்கு வித்து இந்த வெளிச்செல்தானுங்க."

"அப்பக் கன்னு இல்லாம, கொடி மட்டும் வளந்துபோச்சு."

நான் வாயைப் பிளந்தேன். வாரக்கணக்கில் படித்து, டாக்டரைக் குடைந்து, வீட்டுக்காரரோடு வால்வு வரைக்கும் பேசி நான் புரிந்துகொண்டதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார். தினமும் வண்டியில் வருகிற வழியில் ஆலமரத்தில் அந்தச் சாக்கு மூட்டைகள் தொங்கும். நாற்றமென்று மூக்கைப் பொத்திக்கொண்டு போவேனே தவிர, ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மறுநாள் வண்டியை நிறுத்திப் பார்த்தேன்.

அந்த ஒன்பதாவது வாரத்து எண் சாயங்காலம் வந்தது. இறங்கியிருந்தது. நான் கைபேசியில் கூப்பிட்டபோது எடுத்தது மாமியார். "எறங்கிருச்சுங்க!" என்று நான் கத்தியதில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அது நிற்கவில்லை. சில வாரங்களில் இல்லாமலே போயிற்று. நெகட்டிவ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சொல்லை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை. மாமியார் உள்ளே வந்து அந்தத் தாளை வாங்கி, நாலாக மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த வாரமே அவர் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோனதாக மருமகள் சொன்னாள்.

போன தை மாதம் அவர்கள் இரண்டு பேரும் மறுபடியும் வந்தார்கள். டாக்டர் சொன்ன கெடு முடிந்து வெகுநாளாகியிருந்தது. நாள் தள்ளி நாலே நாள் என்றாள். என் பாட்டில்களில் இப்போது பச்சைக் கோடு கிடையாது. அவள் கொண்டுவந்தது இளஞ்சூடாக இருந்தது. மூன்று சொட்டு விட்டேன். இரண்டு கோடு, சந்தேகமே இல்லாமல்.

அவள் சிரிக்கவில்லை. கார்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அக்கா, தண்ணி ஊத்திப் பாருங்க" என்றாள்.

"கண்ணு, இவ்வளவு சீக்கிரத்துல அதுல ஒன்னும் தெரியாது. எதுவா இருந்தாலும் இப்ப மங்கத்தான் செய்யும். மூணு வாரம் போகட்டும், ஸ்கேன்ல தெரியும்."

"தெரியலைன்னாலும் பரவாயில்லீங்க. ஊத்திப் பாருங்க."

சொட்டுக் குழாயை எடுத்து மாமியாரிடம் நீட்டினேன். "நீங்களே ஊத்துங்க" என்றேன். அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, ஒன்பது சொட்டை வாய்விட்டு எண்ணி விட்டார். புதுக் கார்டில், போன தடவை போல் பளிச்சென்று ஆகாமல், இரண்டாவது கோடு மங்கியது. மறுபடியும் ஒன்பது சொட்டு. இரண்டாவது கோடே இல்லை. மூன்று பேரும் அந்த ஒற்றைக் கோட்டுக் கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இதை நம்பாதீர்கள் என்று இன்னொரு தடவை சொன்னேன். சொல்லிக்கொண்டே நானும் நம்ப ஆரம்பித்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர்கள் ஸ்கேனுக்கு மாடியேறிப் போனார்கள். எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவரின் சர்க்கரை அளவை இன்னொருவர் தாளில் எழுதி, அடித்துத் திருத்தினேன். ரத்தம் கொடுக்க வந்தவர் கையை வெடுக்கென்று இழுத்தார், திட்டத் தோன்றவில்லை. படியில் சத்தம் கேட்டது. மாமியார் பாதிப் படியிலேயே நின்றுகொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி, லேபில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"அம்மணி, கொடி மட்டுமில்லீங்க, உள்ள கன்னும் இருக்குதுங்க! துடிக்குது!"